முகவரி கசிந்தால் என்ன ஆகும்?

பணம் போகவில்லை, கடவுச்சொல் போகவில்லை, ஓர் எண் மட்டுமே வெளியே தெரிந்தது. அந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? நம் கைப்பேசிக்கு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளின் பின்னணியில் உள்ள ஒரு கதை.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கும் ஐபேடுகளுக்கும் ஐஓஎஸ் 9.3.5 என்ற புதுப்பிப்பை வெளியிட்டது. பயனாளரின் கண்ணுக்குப் புலப்படும் புதிய வசதி எதுவும் அதில் இடம்பெறவில்லை. மூன்று பாதுகாப்புக் குறைபாடுகளைக் களைவதே அதன் நோக்கம். அவற்றுள் ஒன்று சிவிஇ-2016-4655 என்ற பதிவெண் கொண்டது. இயங்குதளத்தின் உட்கருவுக்கு உரிய நினைவகத்தின் ஒரு பகுதியைச் செயலி ஒன்று படித்துவிட இயலும் என்பதே அதன் சாரம். குறைபாடுகளின் கடுமையைப் பத்துக்கு மதிப்பிடும் பன்னாட்டு அளவுகோலில் அதற்கு 5.5 வழங்கப்பட்டது; அதாவது ‘நடுத்தரம்’.

அந்தக் குறைபாட்டால் யாருடைய பணமும் நேரடியாகக் களவு போகாது. ஒரு கோப்பைக்கூட அதனால் அழிக்க முடியாது. தாக்குபவருக்கு அதன் வழியே கிடைப்பது முதன்மையாக ஓர் எண்தான்: கைப்பேசியின் நினைவகத்தில் உட்கரு எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் முகவரி. எனினும், அந்த முகவரியைத் தேடித் தரும் படி இல்லாதிருந்தால், அதுவரை வெளிச்சத்துக்கு வந்தவற்றுள் மிகக் கடுமையான கைப்பேசி ஊடுருவல் முறைகளில் ஒன்று நம்பகமாகச் செயல்பட்டிருக்காது.

ஒரு காலத்தில் கிளைக்கு நேரில் வந்து செய்த பணிகளில் பெரும்பகுதியை இன்று கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறோம். ஆகவே, அந்தக் கருவியின் உள்ளே காவல் எவ்வாறு அமைந்திருக்கிறது, அது எவ்வாறு உடைகிறது என்பதை ஓரளவேனும் அறிந்திருப்பது வங்கி வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

உட்கருவின் பொறுப்பு

கைப்பேசியில் ஒரே நேரத்தில் பல செயலிகள் இயங்குகின்றன. அவற்றுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவது, ஒன்றின் பங்கை மற்றொன்று எட்டிப் பார்க்காமல் தடுப்பது, கேமராவையும் ஒலிவாங்கியையும் யார் பயன்படுத்தலாம் என்ற விதிகளை நடைமுறைப்படுத்துவது ஆகியவை ‘கெர்னல்’ எனப்படும் உட்கருவின் பொறுப்பில் உள்ளன. இயங்குதளத்தின் மையப் பகுதி அதுவே. மற்றச் செயலிகள் அனைத்தும் அதனிடம் விண்ணப்பித்தே எதையும் பெறுகின்றன.

வங்கிச் செயலியில் நாம் இடும் ரகசிய எண்ணை, அதே கைப்பேசியில் உள்ள ஒரு விளையாட்டுச் செயலி படிக்க முடிவதில்லை. அவ்விரண்டுக்கும் இடையே உட்கரு எழுப்பியிருக்கும் சுவரே அதற்குக் காரணம். உட்கருவே பிறர் வசமானால் அந்தச் சுவரால் பயனில்லை. செய்திகளை மறையாக்கம் செய்து அனுப்பும் செயலிகளும் அந்நிலையில் பாதுகாப்புத் தர இயலாது. நாம் தட்டும் எழுத்து மறையாக்கத்துக்கு உள்ளாகும் முன்பே படிக்கப்பட்டுவிடும். நமக்கு வரும் செய்தி திரையில் விரியும்போதே பார்க்கப்பட்டுவிடும். ஆகவேதான், தேர்ந்த ஊடுருவல்காரர்கள் தனித்தனிச் செயலிகளைக் குறிவைப்பதைவிட உட்கருவைக் கைப்பற்றவே பெரிதும் முயல்கின்றனர்.

நாள்தோறும் இடம் மாறும் பெட்டக அறை

நினைவகம் என்பது எண்ணிடப்பட்ட சிறு அறைகளின் மிக நீண்ட வரிசை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு முகவரி உண்டு. உட்கருவின் நிரலில் எங்கேனும் ஒரு பிழை இருந்து, அதைக் கொண்டு ஒருவர் நினைவகத்தில் எதையேனும் மாற்றி எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், எந்த அறையில் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். முன்பு இது எளிதாக இருந்தது. ஒரே மாதிரிக் கருவியில் ஒரே பதிப்பு இயங்கினால், உட்கரு எப்போதும் ஒரே முகவரியில்தான் இருக்கும். ஒரு கருவியை ஆராய்ந்தவருக்கு மற்ற எல்லாக் கருவிகளின் வரைபடமும் கைக்கு வந்துவிடும்.

இதைத் தடுக்க, ஒவ்வொரு முறை கருவி தொடங்கும்போதும் முகவரியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு பிறந்தது. லினக்ஸ் இயங்குதளத்துக்கான ‘பாக்ஸ்’ என்னும் பாதுகாப்புத் திட்டம் 2001இல் இக்கருத்தைச் சாதாரண நிரல்களுக்குச் செயல்படுத்திக் காட்டியது. பின்னர் உட்கருவுக்கும் அது விரிந்தது. 2012இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 6 பதிப்பிலும், 2014இல் லினக்ஸின் 3.14 பதிப்பிலும் உட்கருவின் இருப்பிடத்தைக் குலுக்கும் வசதி இடம்பெற்றது. துறையினர் இதைச் சுருக்கமாகக் ‘கேஏஎஸ்எல்ஆர்’ என்பர்.

ஒரு வங்கிக் கட்டடத்தில் பெட்டக அறை ஒவ்வொரு நாள் காலையிலும் வேறோர் இடத்துக்கு மாறுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். கள்ளச் சாவி ஒன்றைச் செய்து வைத்திருப்பவரும், இன்று எந்தக் கதவில் அதை நுழைப்பது என்று அறியாமல் திகைப்பார். ஐஓஎஸ் 6இல் இவ்வாறு 256 இடங்களுள் ஒன்றில் உட்கரு அமரும். இன்றைய கணினிகளில் இயங்கும் லினக்ஸில் ஏறத்தாழ 500 இடங்கள் உள்ளன. இவை பெரிய எண்களாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால், தவறான முகவரியில் எழுதினால் பெரும்பாலும் உட்கரு நிலைகுலைந்து கருவி தானாக மறுதொடக்கம் ஆகிவிடும். மறுதொடக்கத்தின்போது புதிய குலுக்கல் நடைபெறும். ஊகித்து வெல்ல முயல்பவருக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டிய நிலை. கைப்பேசி அடிக்கடி அணைந்து எழுவதைக் கண்டு உரிமையாளருக்கும் ஐயம் எழும்.

இந்தத் தற்காப்புக்கு ஒரு வரம்பு உண்டு. உட்கருவின் நிரல் முழுவதும் ஒரே தொகுப்பாகவே இடம் மாறுகிறது. அதன் உறுப்புகளுக்கு இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் கோப்பின்படி ஒரு கட்டளையின் முகவரி 1,040 என்று கொள்வோம். இன்று இயங்கும் கருவியில் அதே கட்டளை 1,340இல் இருப்பதாகத் தெரியவந்தால், இன்றைய இடப்பெயர்ச்சி 300 என்பது வெளிப்படும். மற்ற எல்லா முகவரிகளுடனும் 300ஐக் கூட்டினால் முழு வரைபடமும் கிடைத்துவிடும். ஒரே ஒரு முகவரி கசிந்தால், குலுக்கல் முழுவதும் வீணாகிறது. முகவரிக் கசிவு ‘நடுத்தரக்’ குறைபாடாகத் தோன்றினும் அஞ்சத்தக்கதாக இருப்பது இதனால்தான்.

எண்ணிப் பார்க்காத கட்டு

ஐஓஎஸில் அந்த முகவரி எவ்வாறு கசிந்தது? அதன் வழி மிக எளிமையானது.

செயலிகள் உட்கருவிடம் சில மதிப்புகளை ஒப்படைத்து, பின்னர் திரும்பக் கேட்டுப் பெற முடியும். அவ்வாறு ஓர் எண்ணை ஒப்படைக்கும்போது, அந்த எண்ணின் நீளம் எவ்வளவு என்பதையும் செயலியே குறிப்பிட வேண்டும். உட்கரு அந்த எண்ணை வைத்துக்கொள்ள ஒதுக்கும் இடம் 8 பைட் மட்டுமே. ஆனால், செயலி அதைவிடப் பன்மடங்கு பெரிய நீளத்தைக் குறிப்பிட்டாலும் உட்கரு அதைச் சரிபார்க்காமல் பதிவு செய்துகொண்டது. பிறகு செயலி தன் எண்ணைத் திருப்பிக் கேட்டபோது, பதிவில் உள்ள நீளத்துக்கு ஏற்ப, 8 பைட்டுடன் அதை அடுத்திருந்த தன் சொந்தக் குறிப்புகளையும் சேர்த்தே அள்ளிக் கொடுத்தது.

வாடிக்கையாளர் ஒருவர் 8 தாள்கள் கொண்ட கட்டைக் காசாளரிடம் நீட்டி, ‘இதில் 100 தாள்கள் உள்ளன’ என்கிறார். காசாளர் எண்ணாமலேயே 100 என்று எழுதிக்கொள்கிறார். மறுநாள் வாடிக்கையாளர் கட்டைத் திருப்பிக் கேட்கும்போது, அவருடைய 8 தாள்களோடு மேசை இழுப்பறையில் இருந்த வேறு 92 தாள்களையும் எடுத்துத் தருகிறார். நடந்தது ஏறக்குறைய இதுவே. கூடுதலாகச் சென்ற தாள்களுள் பணம் எதுவும் இல்லை. ஆனால், பெட்டக அறை இன்று எங்கே இருக்கிறது என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று அவற்றுள் இருந்தது.

அந்தத் துண்டுச் சீட்டைத் துறையினர் ‘திரும்பு முகவரி’ என்பர். நிரலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியிடம் வேலையை ஒப்படைக்கும்போது, வேலை முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்பதை நினைவகத்தில் குறித்து வைப்பது வழக்கம். உட்கருவின் அத்தகைய குறிப்பு ஒன்று வெளியே வந்தது. நிறுவனத்தின் கோப்பில் உள்ள முகவரியை அதிலிருந்து கழித்தால், இடப்பெயர்ச்சி தெரிந்துவிடும். பள்ளி மாணவரும் செய்யக்கூடிய ஒரு கழித்தல் கணக்கு!

இத்தகைய கசிவுக்குப் பெரும்பாலும் காரணமாவது நிரலாளரின் சிறு கவனக்குறைவே. தரப்பட்ட நீளத்தைச் சரிபார்க்காமை ஒரு வகை. படிவத்தின் நிரப்பப்படாத கட்டங்களைத் துடைக்காமல் அனுப்புவது இன்னொரு வகை: உட்கரு ஒரு செயலிக்கு விடையளிக்கும்போது, விடையின் இடைவெளிகளில் முந்தைய வேலையின் எச்சங்கள் தங்கியிருந்து, அவற்றோடு முகவரிகளும் வெளியேறிவிடும்.

மூன்று முனைகள்

2016 ஆகஸ்டு 10, 11 ஆகிய நாட்களில், ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூரின் ஐபோனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. அந்நாட்டுச் சிறைகளில் துன்புறுத்தப்படுவோர் பற்றிய புதிய ரகசியங்கள் கிடைக்கும் என்று கூறி, ஓர் இணைய இணைப்பு அவற்றில் தரப்பட்டிருந்தது. முன்னரே உளவு மென்பொருள் தாக்குதல்களுக்கு இலக்கானவர் மன்சூர். அவர் இணைப்பைத் தொடவில்லை. செய்திகளைக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார்.

ஆய்வாளர்கள் தங்கள் வசமிருந்த, எல்லாம் அழித்துத் தூய்மையாக்கப்பட்ட ஓர் ஐபோனில் அந்த இணைப்பைத் திறந்து பார்த்தனர். சஃபாரி உலாவி திறந்து, சிறிது நேரத்தில் தானே மூடிக்கொண்டது. வெளியே வேறு அறிகுறி இல்லை. உள்ளே கைப்பேசி முழுவதும் பிறர் வசமாகியிருந்தது. லுக்அவுட் என்ற பாதுகாப்பு நிறுவனத்துடன் இணைந்து ஆராய்ந்தபோது, மூன்று குறைபாடுகள் அடுத்தடுத்துப் பயன்படுத்தப்பட்டிருப்பது தெரிந்தது. அம்மூன்றுக்கும் சேர்த்துத் ‘திரிசூலம்’ என்று பொருள்படும் ‘டிரைடென்ட்’ என்ற பெயரைச் சூட்டினர்.

முதல் முனை, உலாவியில் இருந்த பிழை. இணைப்பைத் தொட்ட உடனே தாக்குபவரின் நிரல் கைப்பேசியில் இயங்கத் தொடங்க அது வழி செய்தது. ஆனால் அந்நிலையில் அந்த நிரலுக்கு உலாவிக்குரிய குறுகிய அதிகாரமே உண்டு. இரண்டாம் முனை, நாம் மேலே கண்ட முகவரிக் கசிவு. அது உட்கருவின் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்தது. மூன்றாம் முனை, சிவிஇ-2016-4656 எனப் பதிவான உட்கருப் பிழை. இருப்பிடம் தெரிந்த பின், அதனைக் கொண்டு உட்கருவின் கட்டுப்பாட்டைக் கைப்பற்ற முடிந்தது. இறுதியில் உளவு மென்பொருள் நிறுவப்பட்டது. அது இஸ்ரேலின் என்எஸ்ஓ குழுமம் விற்பனை செய்யும் ‘பெகாசஸ்’ என்று சிட்டிசன் லேப் தன் அறிக்கையில் கூறியது. ஒலிவாங்கி, கேமரா, அழைப்புகள், உரையாடல் செயலிகளின் செய்திகள், செல்லுமிடங்கள் என அனைத்தையும் கண்காணிக்க அதனால் இயன்றது.

மூன்றாம் முனையின் வலிமை இரண்டாம் முனையைச் சார்ந்தே இருந்தது. கள்ளச் சாவி ஆயத்தமாக இருந்தும் அறை எங்கே என்று அறியாவிட்டால், அது ஊகமாகவே முடிந்திருக்கும். ஆப்பிள் நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டுச் சுமார் பத்து நாட்களுக்குள் ஐஓஎஸ் 9.3.5 வெளியானது. அதே குறைபாடுகளை மேக் கணினிகளிலும் களையும் புதுப்பிப்பு செப்டம்பர் 1 அன்று வந்தது.

கசிவை அடைக்கும் முயற்சிகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமான லினக்ஸிலும் இந்தப் போராட்டம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. பிழைகளைக் கண்டறிய உதவும் என்பதால், உட்கருவின் முகவரிகளைப் பதிவேடுகளில் அப்படியே அச்சிடுவது நிரலாளர்களின் பழைய வழக்கம். 2011இல், அம்முகவரிகளைச் சாதாரணப் பயனாளர்களிடமிருந்து மறைக்கும் அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பு முதல், வழக்கமான முறையில் முகவரியை அச்சிட்டால் உண்மையான எண்ணுக்குப் பதில் அடையாளம் காண முடியாதவாறு மாற்றப்பட்ட எண்ணே வெளிவரும். 2019இல் வந்த 5.3 பதிப்பில், நினைவகத்தை ஒதுக்கும்போதே பழைய எச்சங்களைத் துடைத்துச் சுழியமாக்கும் வசதி சேர்ந்தது.

நிரலில் எந்தப் பிழையும் இல்லாதபோதும் முகவரி கசியக்கூடும் என்பதையும் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். கணினியின் நுண்செயலி சில முகவரிகளுக்குச் சற்று விரைவாகவும் சிலவற்றுக்குச் சற்றுத் தாமதமாகவும் விடையளிக்கும். அந்த நுண்ணிய கால வேறுபாட்டை அளந்தே உட்கரு எங்கே உள்ளது என்று கண்டுபிடித்துவிடலாம். இதைத் தடுக்க, ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ‘கைசர்’ என்னும் முறையை முன்மொழிந்தனர். சாதாரணச் செயலி இயங்கும் நேரத்தில், அதன் நினைவக வரைபடத்திலிருந்து உட்கருவை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கிவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சில மாதங்களுக்குப் பின், 2018 ஜனவரி 3 அன்று, ‘மெல்ட்டவுன்’ என்ற பெருங்குறைபாடு உலகுக்குத் தெரிவிக்கப்பட்டது. இன்டெல் நுண்செயலிகள் பலவற்றில், உட்கருவின் முகவரியை மட்டுமன்றி அதன் உள்ளடக்கத்தையே சாதாரணச் செயலி படிக்க முடிந்தது. அதற்குக் கையில் ஆயத்தமாக இருந்த மருந்து, கைசர் முறையே. லினக்ஸ் அதன் வழிவந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. விண்டோஸும் மேக் இயங்குதளமும் ஒத்த ஏற்பாடுகளைச் செய்தன. முகவரிக் கசிவு சிறிய தீங்கு என்று அதைப் புறக்கணித்திருந்தால், பெரிய தீங்கு வந்தபோது உலகம் வெறுங்கையோடு நின்றிருக்கும்.

வாடிக்கையாளர் செய்யக்கூடியவை

மேலே கண்டது போன்ற தாக்குதலுக்குப் பெரும் பொருட்செலவாகும். அது தேர்ந்தெடுத்த சிலரை நோக்கியே ஏவப்படுகிறது. பொதுமக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் போலி அழைப்புகளாலும் பொய்யான இணைப்புகளாலுமே. ஆயினும் இதில் அனைவருக்கும் பொருந்தும் ஒரு பாடம் உண்டு. குறைபாடு களையப்பட்டதும், அது எவ்வாறு செயல்பட்டது என்பதை ஆய்வாளர்கள் பகுத்துணர்ந்து வெளியிடுவது வழக்கம். டிரைடென்ட் குறைபாடுகளின் நுட்பங்களும் அவ்வாறே வெளியாயின. நிரலாளர்கள் கற்றுக்கொள்ள இது தேவை. ஆனால் அன்று முதல், புதுப்பிக்கப்படாத கைப்பேசியின் பலவீனம் எவரும் படித்தறியக்கூடிய செய்தியாகிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்த வழி, பலருக்கும் தெரிந்த வழியாகிறது.

ஆகவே, பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்துள்ளதாகக் கைப்பேசி அறிவிக்கும்போது ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒத்திவைக்காமல், அன்றே நிறுவிவிடுவது நல்லது. ‘சிறு திருத்தங்கள்’ என்று மட்டும் குறிப்பு இருந்தாலும் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைக் காணலாம். அது பல மாதங்களுக்கு முற்பட்டதாக இருந்து, நிறுவனம் அந்த மாதிரிக்குப் புதுப்பிப்பு வழங்குவதை நிறுத்தியிருந்தால், அந்தக் கருவியை வங்கிப் பணிகளுக்குப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

அறிமுகமில்லாத இணைப்புகளைத் தொடாதிருப்பது அடுத்த காவல். மன்சூரைக் காப்பாற்றியது ஒரு மென்பொருளன்று. இணைப்பைத் தொடும் முன் அவருக்கு எழுந்த ஐயமே. மூன்று முனைகளும் கூர்மையாக இருந்தும், முதல் முனைக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. செயலிகளை அதிகாரபூர்வத் தளங்களிலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் செயலிக் கோப்புகளை நிறுவக் கூடாது. கைப்பேசியின் உள்கட்டுப்பாடுகளை நீக்கும் ‘ரூட்’, ‘ஜெயில்பிரேக்’ போன்ற முயற்சிகள், உட்கரு எழுப்பிய சுவரை நாமே இடிப்பதற்கு ஒப்பாகும். பல வங்கிச் செயலிகள் அத்தகைய கருவிகளில் இயங்க மறுப்பதன் காரணமும் இதுவே.

முகவரிக் கசிவின் பாடம் நம் சொந்த விவரங்களுக்கும் பொருந்தும். பிறந்த தேதி, அட்டை எண்ணின் சில இலக்கங்கள், பதிவு செய்த கைப்பேசி எண் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்தவரால் பணத்தை எடுக்க முடியாது. ஆனால், அவற்றைச் சரியாகச் சொல்லி நம் நம்பிக்கையைப் பெறுபவர், அடுத்து ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பார். முதலில் கசிந்த சிறு விவரமே கடைசிப் படிக்கு வழிகாட்டுகிறது. தொலைபேசியில் பேசுபவர் நம்மைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தாலும், ஒருமுறைக் கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் அவரிடம் தெரிவிக்கக் கூடாது.

கணக்கில் ஐயத்துக்குரிய பரிவர்த்தனை எதையேனும் கண்டால், உடனே வங்கிக்குத் தெரிவிப்பதோடு, தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐயும் அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். இன்று இவ்விதழைப் படித்து முடித்ததும் கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, நிலுவையில் உள்ள புதுப்பிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வீட்டில் உள்ள முதியோரின் கைப்பேசிகளையும் அவ்வாறே பார்த்துக் கொடுங்கள்.